பெயர் மறைப்பும் விவாத நெறியும்: ஆங்கில இதழியல் வரலாற்றினை ஆதாரமாகக் கொண்ட ஒரு நோக்கு

கருத்து மோதல்களில் ஈடுபடுவோர் தம் பெயரை மறைத்து எழுதுதல் தகுமா என்ற வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதொன்றாகும். பெயரை மறைப்பவன் கோழை என்பர் ஒரு சாரார். பெயர் மறைப்பே கருத்துச் சுதந்திரத்தின் காவலரண் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் பெயர் மறைப்பினை அது நிகழ்ந்த சமூகச் சூழலினின்றும் பிரித்தெடுத்து நோக்குவனவாகும். யார், யாருக்கெதிராக, எதனைக் குறித்து, எவரது பொறுப்பில் மறைந்து நின்று எழுதினர் என்பதே முதன்மையான வினா என்பது எமது கருத்து. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் ஆங்கில இதழியல் வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

இங்கிலாந்தில் அச்சிடுமுன் அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் 1695 ஆம் ஆண்டு காலாவதியாயிற்று. எனினும் அரச நிந்தனைச் சட்டம் நீங்கவில்லை. எழுதலாம், எழுதியபின் தண்டனை பெறலாம் என்பதே நிலைமை. இச்சூழலிலேதான் 1769 ஜனவரி முதல் 1772 ஜனவரி வரை 'பப்ளிக் அட்வடைசர்' என்னும் இலண்டன் பத்திரிகையில் 'ஜூனியஸ்' என்ற புனைபெயரில் கடிதங்கள் வெளிவந்தன. பிரதமராயிருந்த கிராப்டன் கோமகனையும் அவரது அமைச்சரவையையும் அவை கடுமையாகத் தாக்கின. 1769 டிசம்பர் 19 இல் வெளியான கடிதம் மன்னர் மூன்றாம் ஜோர்ஜையே விளித்து எழுதப்பட்டது.

அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. எழுதியவர் யாரெனத் தெரியாமையால், அச்சிட்டோரும் விற்றோருமே குற்றவாளிக் கூண்டில் ஏறினர். 1770 இல் நடைபெற்ற வழக்கில், கட்டுரை நிந்தனையானதா என்பதைத் தீர்மானிப்பது நீதிபதியின் உரிமை, அது வெளியிடப்பட்டதா என்பதை மட்டுமே யூரர்கள் கூறலாம் என்று மான்ஸ்பீல்ட் பிரபு பணித்தார். யூரர்களோ, பத்திரிகையின் அச்சீட்டாளரான ஹென்றி சாம்ப்சன் வுட்போல் 'அச்சிட்டு வெளியிட்ட குற்றத்தை மட்டுமே' புரிந்தவர் எனத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு பயனற்றதாயிற்று, வுட்போலும் இறுதியில் தண்டனையின்றித் தப்பினார். நிந்தனை வழக்குகளில் முழுத் தீர்ப்பையும் வழங்கும் உரிமையை யூரர்களுக்கு உறுதிசெய்த 1792 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இவ்வழக்குகள் வழிகோலின எனலாம்.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஜூனியஸ் மறைந்து நின்றார், வுட்போல் மறையவில்லை. எழுத்தாளனின் பெயர் இல்லாவிடினும் எழுத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் பகிரங்கமாக நின்றார். ஆயினும் ஜூனியஸை நாம் முற்றாக மெச்சிவிட முடியாது. கிராப்டனின் அந்தரங்க வாழ்வை அவர் சந்திக்கு இழுத்தார். மகனை இழந்த பெட்போர்ட் கோமகனின் துயரினையும் ஏளனத்துக்குரியதாக்கினார். ஆட்சிச் செயலைக் கண்டிப்பதற்கு இவை வேண்டப்படுவனவல்ல. அரச உதவிப்பணம் பெற்றுவந்த சாமுவேல் ஜோன்சன் 1771 இல் வெளியிட்ட பிரசுரமொன்றில் ஜூனியஸின் முகமூடியைச் சாடினார். அப்பிரசுரத்திலும் ஆசிரியர் பெயர் இல்லை என்பது சுவையான முரண். ஜூனியஸ் என்பார் போர் அலுவலக எழுதுவினைஞராயிருந்த பிலிப் பிரான்சிஸ் என்றே ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். 1962 இல் எல்லெகோர்ட் என்னும் சுவீடன் நாட்டறிஞர் சொல்லாட்சியைப் புள்ளிவிபர முறையில் ஆராய்ந்து இம்முடிவினை வலியுறுத்தினார். அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்த ஒருவர் தம் பெயரில் இவற்றை எழுதியிருத்தல் இயலாது என்பது வெளிப்படை.

பிரான்சிஸ் பின்னர் வங்காள ஆட்சிக்குழு உறுப்பினராக உயர்ந்தவர். அவ்வாறு உயர வாய்ப்பில்லாதோரும் பெயர் மறைத்து எழுதினர். 1830 இல் தென் இங்கிலாந்தின் விவசாயக் கூலிகள் 'கப்டன் சுவிங்' என்ற கற்பனைப் பெயரில், சூடடிக்கும் யந்திரங்களை அகற்றுமாறு பண்ணையாளருக்கு மிரட்டற் கடிதங்கள் அனுப்பினர். அக்கிளர்ச்சியின் முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் நாடுகடத்தப்பட்டனர். ஈ. பி. தொம்சன் 1975 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இத்தகைய கடிதங்கள் ஒழுங்கமைந்த எதிர்ப்புக்கு வழியற்ற சமூகத்தின் குரல்கள் என விளக்கியுள்ளார். மிரட்டல் நன்னடத்தையன்று என்பது உண்மையே. ஆனால் பெயரிட்டு விண்ணப்பித்தவன் வேலையையும் குடிசையையும் இழக்கும் நிலையில், நன்னடத்தையை அவனிடம் மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது.

இதற்கு நேர்மாறான காட்சியினை எடின்பரோவிலே காண்கிறோம். 1817 ஒக்டோபரில் 'பிளாக்வுட்ஸ்' சஞ்சிகை, 'இஸெட்' என்ற ஓரெழுத்துக் கையொப்பத்துடன், இலண்டனின் லீ ஹன்ட் முதலான கவிஞரைத் தாக்கும் கட்டுரைத் தொடரைத் தொடங்கியது. எழுதியவர் தம் பெயரை வெளியிடவேண்டுமென ஹன்ட் பகிரங்கமாகக் கோரினார், பலனில்லை. 1818 ஓகஸ்டில் கீற்ஸின் முறை வந்தது. கவிதையை விடுத்து மருந்துக் கடைக்கே திரும்பிச் செல்லுமாறு அவருக்குப் புத்தி கூறப்பட்டது. ஒக்ஸ்போர்டில் பயின்ற சட்டத்தரணியான லொக்கார்ட்டே இத்தொடரின் முதன்மை ஆசிரியர் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. கவிதைக் குறைகளைச் சுட்டுவதன்று அவர் நோக்கம். குதிரை இலாயக்காரனின் மகன், மருந்து கலக்கப் பயின்றவன், கவிதை எழுதத் துணிவதா என்ற வர்க்கச் செருக்கே அங்கு பேசியது. ஜூனியஸின் முகமூடி அதிகாரத்தினின்றும் காத்துக்கொள்ளும் கேடயம். லொக்கார்ட்டின் முகமூடி எளியோனை மறைந்திருந்து தாக்கும் புதர்.

சஞ்சிகையின் ஆசிரியர் யார் என்பதும் மறைக்கப்பட்டிருந்தது. 'இலண்டன் மகசீன்' ஆசிரியர் ஜோன் ஸ்கொட் இப்போக்கினைத் தாக்கி எழுதினார். அதனால் விளைந்த தகராறு, 1821 பெப்ரவரி 16 இரவு, லொக்கார்ட்டின் நண்பர் கிறிஸ்ரிக்கும் ஸ்கொட்டுக்கும் இடையே துப்பாக்கிச் சமராக முடிந்தது. காயமுற்ற ஸ்கொட் பெப்ரவரி 27 இல் மரணமானார். நான்கு நாட்களுக்கு முன்னரே கீற்ஸ் உரோமாபுரியில் இறந்திருந்தார். கண்டன விமரிசனமே அவரைக் கொன்றது என்பது கட்டுக்கதை, கொன்றது காசநோய். ஆனால் ஸ்கொட்டின் மரணத்துக்கும் பெயர் மறைப்புக்கும் உள்ள தொடர்பு கட்டுக்கதையன்று.

கீற்ஸின் பின்னணி பற்றிய செய்திகளை, நண்பனுக்காகப் பரிந்து பேசும் எண்ணத்துடன், லொக்கார்ட்டிடம் வாய்விட்டவர் பெஞ்சமின் பெய்லி. இவர் பின்னாளில் இலங்கைக்கு வந்து கொழும்பின் ஆர்ச்டீக்கன் பதவி வகித்தார். 1852 இல், பௌத்த மதத்துடன் அரசாங்கம் கொண்டிருந்த தொடர்பினைக் கண்டித்து, 'வேட்டஸ்' என்ற புனைபெயரில் கொழும்புப் பத்திரிகையொன்றில் கடிதங்கள் எழுதினார். அதன் விளைவாகப் பதவியை இழந்தார். பெயர் மறைப்பின் தீமையை நேரிற் கண்டவரே அதன் துணையை நாடினார். ஆட்சியாளரை நோக்கி மேல்நோக்கி எய்யப்பட்ட அவரது அம்பு, ஆளப்பட்ட மக்களின் சமயத்தை நோக்கிக் கீழ்நோக்கியும் எய்யப்பட்டதாகும். எமது அளவுகோல் எளிதிற் கையாளக்கூடியதன்று என்பதற்கு இது சான்று.

அவ்வாறாயின் அனைவரும் பெயரிட்டு எழுதுதலே தீர்வாகுமா? 1850 இல் பிரான்சிய அரசு, அரசியல், தத்துவ, சமயக் கட்டுரைகளுக்குக் கையொப்பம் கட்டாயம் எனச் சட்டமியற்றியது. நன்னடத்தை அதன் பெயர். பத்திரிகைகளின் கூட்டு வலிமையைக் குலைத்தல் அதன் பயன். இதற்கு ஏழாண்டுகளின் முன்னரே, பெயரின்மை பத்திரிகையின் இயல்போடு ஒட்டியது, தனியாள் குரல்களை அது ஒரு பொதுக் குரலாக்குகின்றது என மாக்ஸ் 'ரைனிஷ் சைற்றுங்' பத்திரிகையில் வாதித்திருந்தார். இங்கிலாந்திலோ சட்டமின்றியே, 1865 இல் தோன்றிய 'போர்ட்நைற்லி ரிவியூ' கையொப்ப முறையைக் கொள்கையாக ஏற்றது. அதன் முதலிதழிலே 'ஜோர்ஜ் எலியட்' என ஒப்பமிட்டு எழுதியவர் மரியன் எவன்ஸ் என்னும் பெண்மணி. பெண் என்பதால் எழுத்து இளப்பமாக மதிக்கப்பட்ட காலத்தில், கையொப்பத்தைப் போற்றிய இதழிலும் புனைபெயருக்கு இடமிருந்தது. ஒரே பெயரில் தொடர்ந்து எழுதி, அப்பெயரின் மதிப்புக்குப் பொறுப்பேற்றமையால் அது ஒளிவிடமாக அமையவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெயர் மறைப்பு நன்மையோ தீமையோ அன்று. அதிகாரம் எப்பக்கம் நிற்கின்றது என்பதே அதன் தன்மையை நிர்ணயிக்கிறது. இரண்டாவது, மறைந்து நிற்பவன் செயலையும் கருத்தையும் தாக்கலாம். பிறப்பையும் தொழிலையும் அந்தரங்கத்தையும் தாக்க அவனுக்கு உரிமையில்லை. தாக்கப்பட்டவன் அதே முறையில் பதிலிறுக்க இயலாதிருப்பதே காரணம். மூன்றாவது, எழுதியவன் மறைந்திருப்பினும், வெளியிடுவோன் மறைதல் ஆகாது. வுட்போல் நீதிமன்றத்தில் நின்றார். பிளாக்வுட்ஸின் ஆசிரியபீடமோ திரைக்குப் பின்னால் நின்றது. விவாத நெறியின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமேயாகும். எளியோன் அஞ்சாது தன் பெயரை எழுதக்கூடிய சமுதாயம் உருவாகும்வரை, அவன் முகமூடியைக் கழற்றுமாறு கோருவோரை நோக்கி, முதலில் உமது அதிகாரத்தைக் கழற்றும் என்று கூறவே வரலாறு எமக்குக் கற்பிக்கிறது.