பள்ளிக்கூடச் சந்திப்பில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம்

வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழும் நம் சமுதாயத்தினர் பலருக்கும் இது பழகிய காட்சி. பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வருகிறது. பெற்றோருக்கு அந்நாட்டு மொழி தெரியாது. ஆசிரியர் சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளையே மொழிபெயர்க்கிறது. தன்மீதான புகாரை அது முழுதாகச் சொல்லுமா? சொன்னாலும், பெற்றோர் பிள்ளையின் வாயைப் பார்த்து நிற்கும் நிலை வந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க என்ன வழி இருக்கிறது என்று இத்தாலியை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இத்தாலியின் 1998ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்துக்கு 1999ல் விதிகள் வகுக்கப்பட்டன. அதன் 45ஆவது விதிப்படி, பெற்றோரிடம் குடியிருப்பு ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கல்வி உரிமை உண்டு. பொதுவாக வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். தேவைப்பட்டால், தகுதி பெற்ற கலாச்சார இணைப்பாளரின் உதவியோடு பள்ளி பெற்றோருடன் பேசலாம்.

இணைப்பாளரின் வேலை

இவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல. ஆசிரியர் பேசும்போது பிள்ளை தலைகுனிந்து நிற்பது நம் வீட்டில் மரியாதை. ஆசிரியருக்கோ அது அலட்சியமாகத் தோன்றலாம். ரமளானில் பிள்ளை மதிய உணவை மறுத்தால் பள்ளி கவலைப்படும். இரு தரப்புக்கும் காரணத்தை விளக்குபவர் இவரே. புதிதாக வந்த பிள்ளை மாதக்கணக்கில் வகுப்பில் பேசாமல் இருந்தால், அது மொழி பழகும் காலமா, கற்றல் குறைபாடா என்று பிரித்தறிய வேண்டும். வீட்டில் தாய்மொழியில் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்ற தகவல் அதற்கு மிக அவசியம்.

இவர் பள்ளியின் ஆளும் அல்ல, நம் வக்கீலும் அல்ல. முடிவெடுப்பது பெற்றோரும் பள்ளியும்தான். வறுமை, வீட்டு வன்முறை, தொடர்ந்து பள்ளிக்கு வராமை போன்றவற்றைக் கவனிப்பது சமூகப் பணியாளரின் பொறுப்பு. இத்தாலியில் இவர்கள் பெரும்பாலும் நகராட்சியின் கீழ் பணிபுரிகிறார்கள்.

வீடு தேடி வரும் தாய்மார்கள்

ஜெர்மனியில் இன்னொரு வழியைக் கண்டார்கள். பெர்லினின் நொய்கோல்ன் பகுதியில் 2004ல் 'வட்டாரத் தாய்மார்' திட்டம் தொடங்கியது. துருக்கி, அரபுக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்று, கல்வி, உடல்நலம், பிள்ளை வளர்ப்பு பற்றித் தம் மொழி பேசும் குடும்பங்களுக்கு வீடு தேடிச் சென்று எடுத்துச் சொல்கிறார்கள். அலுவலகத்துக்குப் போகத் தயங்கும் தாய், தன்னைப் போன்ற இன்னொரு தாயிடம் மனம் திறக்கிறார்.

நாம் செய்ய வேண்டியவை

• பள்ளியில் சேர்க்கும்போதே இணைப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். எந்த மொழி என்பதையும் எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் இவர்களுக்குக் குறைந்த மணி நேரமே ஒதுக்கப்படுகிறது.

• உணவு, நோன்பு, பெருநாள் விடுப்பு பற்றி ஆண்டின் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

• புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

• தாய், தந்தை இருவருமே சந்திப்புக்குச் செல்லுங்கள்.

கேட்பதில் வெட்கமில்லை. மொழி தெரியாதது குற்றமும் அல்ல. நாம் கேட்காமல் விட்டால், அந்தச் சுமையைத் தூக்கப்போவது நம் பிள்ளைதான்.