நாய் நொண்டுதா? மாத்திரையைத் தேடாதீங்க, பாதத்தைப் பாருங்க!

காலையில் எழுந்து பார்த்தால் உங்க செல்ல நாய் மூணு காலில் நொண்டுது, ஒரு பாதம் வீங்கியிருக்கு. 'டோலோவைப் பாதியா உடைச்சுக் கொடுத்துடலாமா?'ன்னு தோணும். வேண்டவே வேண்டாம்! நம்ம ஜுரத்துக்குப் போடும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலைப் பாதிக்கும். இபுப்ரோஃபென் இன்னும் மோசம், குடலில் புண், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

முதலில் நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்க. வலியில் நம்ம நாயே கடிக்கும் என்பதால், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். நெருஞ்சி முள், கண்ணாடிச் சில்லு, உண்ணி, உடைந்த நகம்... பெரும்பாலும் பிரச்னை அங்கேதான் இருக்கும். மேலாகத் தெரியும் முள்ளை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தை 5 நிமிடம் வைத்து, இடுக்கு வரை ஈரம் போகத் துடைச்சுடுங்க. ஆழமாக இறங்கியிருந்தால் நோண்டாதீங்க. விடாமல் நக்கினாலும் புண் ஆறாது. கழுத்துக்குக் கூம்பு காலர் மாட்டலாம்.

24 மணி நேரத்தில் வீக்கம் வடியலையா, சீழ் வருதா, காலை ஊன்றவே மாட்டேங்குதா? கால்நடை மருத்துவரிடம் போயிடுங்க. காயமே இல்லாமல் கால் மாற்றிக் கால் நொண்டினால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படும். வீக்கம் மளமளவென மேலே ஏறினால் பாம்புக்கடியாக இருக்கலாம். அப்போ உப்புத் தண்ணீர் எல்லாம் வேண்டாம், உடனே வண்டியை எடுங்க!