தென்னையும் மஞ்சள் வடிப்பானும்

1970ஆம் ஆண்டில் கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேலே ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. வானிலை அறிஞர் பி. ஆர். பிஷரோதி தலைமையிலான குழு, அகச்சிவப்பு ஒளியை உணரும் வண்ணப் படச்சுருளைக் கொண்டு, வேர் வாடல் நோய் கண்ட மரங்களை வானிலிருந்து இனங்காண முயன்றது. இந்தியத் தொலையுணர்வின் வரலாறு பெரும்பாலும் இச்சோதனையிலிருந்தே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் ஹெலிகாப்டருக்கும் செயற்கைக்கோளுக்கும் கிடைத்த இடம், வில்லையின் முன் பொருத்தப்படும் வண்ணக் கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை. கேமராக்காரர்கள் ஃபில்டர் என்றழைக்கும் ஒளிவடிப்பானே அது.

வேர் வாடல் நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. ஓலைகள் தளர்ந்து உள்நோக்கி வளையும்; காய்ப்பு ஆண்டுக்காண்டு குறையும். நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆகவே நோயுற்ற மரத்தை முன்னதாக அறிவதே தோப்புக்காரருக்கு எஞ்சிய வழி. பல்லாயிரம் மரங்களைத் தரையில் நின்று ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்ப்பது எளிதன்று.

நலமான இலை, பச்சையத்தின் காரணமாகச் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்கிறது. தன் உள்திசு அமைப்பின் காரணமாக அண்மை அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பியனுப்புகிறது. திசு நலிந்தால் இந்த அளவு மாறும். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றத்தை அகச்சிவப்பு வண்ணப் படச்சுருள் பதிவுசெய்யும். இரண்டாம் உலகப் போரில், பச்சை வண்ணம் பூசி மறைக்கப்பட்ட தளவாடங்களை உண்மையான தழைகளிலிருந்து பிரித்தறிய உருவானது இவ்வகைப் படச்சுருள். அதன் மூன்று அடுக்குகள் முறையே பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளுக்கு உரியவை. எனினும் மூன்றும் நீலத்தையும் உணர்ந்துவிடும். மஞ்சள் வடிப்பான் நீலத்தைத் தடுத்தால்தான் அடுக்குகள் தத்தம் பணியைச் செய்யும். இல்லையெனில் வான்மூட்டத்தில் சிதறிய நீல ஒளி மூன்றிலும் படிந்து, நலமான மரமும் நலிந்த மரமும் வேறுபாடின்றிக் கலங்கித் தெரியும். இங்கே வடிப்பான் அழகூட்டும் அணி அன்று. கேள்விக்கு விடை கிடைக்குமா என்பதையே முடிவுசெய்யும் உறுப்பு.

வடிப்பானுக்கு ஒரு விலையும் உண்டு. அது ஒளியைக் குறைக்கிறது. ஒளி குறைந்தால் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அதிரும் வானூர்தியில் அது படத்தை மங்கச்செய்யும். ஆகவே, விலக்கப்படும் ஒளி தேடும் செய்தியை மறைக்கும்போது வடிப்பானை இடுவது முறை. விலக்கப்படும் ஒளியிலேயே செய்தி இருந்தால் எடுத்துவிடுவது முறை. மேகத்தைத் துலக்கிக் காட்டக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் வடிப்பான் இட்டு நீலவானை இருளச் செய்ததும் இதே நெறிப்படிதான். மற்றொரு வரம்பும் உண்டு. மரம் துன்புறுகிறது என்பதை அகச்சிவப்புப் படம் சொல்லும். வறட்சியாலா, நோயாலா என்பதை அது மட்டுமே சொல்லிவிடாது. தரையில் சென்று மரத்தைப் பார்த்தவரின் சான்று எப்போதும் தேவை.

தோப்பின் மேல் கற்ற இப்பாடம் விண்வெளியிலும் தொடர்ந்தது. 1979இல் ஏவப்பட்ட பாஸ்கரா-1, கட்புல ஒளிக்கு ஒன்றும் அண்மை அகச்சிவப்புக்கு ஒன்றுமாக இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்களைச் சுமந்தது. பெங்களூருவில் உருவாக்கப்பட்டு 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ, நான்கு அலைநீளப் பட்டைகளில் நிலத்தைப் படமெடுத்தது. ஒவ்வொரு பட்டைக்கும் தனி வில்லை, தனி வடிப்பான். படச்சுருளின் இடத்தை மின்னணு உணரி பிடித்துக்கொண்டது. வடிப்பான் தன் இடத்தை விடவில்லை.

அந்நகரின் தென்பகுதியான பொம்மனஹள்ளி வட்டாரத்து ஏரிகளையும் இன்று இதே முறையில் ஆராயலாம். அகச்சிவப்புப் பட்டையில் திறந்த நீர் கருமையாகத் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய நீரோ, செடிகொடிகளைப் போலவே ஒளிரும். மடிவாளா ஏரியோ பேகூர் ஏரியோ ஓர் ஆண்டில் எவ்வளவு நீரை இழந்தது, எவ்வளவு களையால் மூடப்பட்டது என்று கேட்பவர், முதலில் எந்த ஒளியை விலக்குவது என்று முடிவுசெய்தாக வேண்டும். தென்னந்தோப்பின் மேல் பறந்தவர்கள் எதிர்கொண்ட கேள்வியும் அதுவே.