நஞ்சாகவும் மருந்தாகவும் ஓர் உப்பு

மனம் சில காலம் கட்டுக்கடங்காத எழுச்சியில் துள்ளுவதும், சில காலம் எழவொண்ணாச் சோர்வில் ஆழ்வதும் இருமுனைக் கோளாறு என்னும் நோயின் இயல்பு. இதற்கு இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று லித்தியம் என்னும் தனிமத்தின் உப்பு. அது மருந்தான வரலாற்றைச் சிறிது காண்போம்.

சிங்கப்பூரில் மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாயிருந்து மீண்ட ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மெல்போர்னை அடுத்த பண்டூராவில் ஆய்வு நடத்தினார். லித்திய உப்பைச் செலுத்தியபோது கினிப் பன்றிகள் சாந்தமுற்றன. 1948-இல், ஐந்தாண்டுகளாக வெறியெழுச்சியில் இருந்த ஒருவருக்கு அதனைக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் தெளிந்து வீடு திரும்பினார். 1949-இல் இம்முடிவுகள் வெளியாயின.

ஆயின் அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து துயரச் செய்தி வந்தது. கறியுப்பு விலக்கப்பட்ட நோயாளிகள் மாற்றுப்பொருளாக லித்தியம் குளோரைடை அளவின்றி உண்டு நச்சுற்றனர்; சிலர் மாண்டனர். பண்டூராவில் முதன்முதல் குணமடைந்தவரும் மருந்தை நிறுத்தியதால் மீண்டும் நோயுற்று, திரும்பவும் அதனை உட்கொள்கையில், 1950-இல் அதன் நஞ்சாலேயே இறந்தார்.

உப்பு ஒன்றே, காத்ததும் கொன்றதும் அதுவே. வேற்றுமை எதில்? அளவில். 1951-இல் மெல்போர்னில் டிராட்னர் முதலியோர் நோயாளிகளின் குருதியில் லித்தியத்தை அளந்து மருந்தளித்தனர். 1954-இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ முறையான சோதனையால் பயனை மெய்ப்பித்தார். அமெரிக்கா 1970-இல் இசைவளித்தது.

இன்று குருதியில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருத்தல் பொதுவாக ஏற்ற அளவு, 1.5-ஐக் கடந்தால் நச்சுக்குறிகள் தோன்றக்கூடும். நோய் திரும்பாமல் தடுப்பதிலும் தற்கொலையைக் குறைப்பதிலும் இதன் பயன் பெரிது. கைநடுக்கமும் மிகுதாகமும் உண்டாகலாம். நாளடைவில் தைராய்டும் சிறுநீரகமும் பழுதுறலாம். ஆதலின் குருதிச் சோதனை தவறலாகாது.

தில்லியிலும் நாகபுரியிலும் கடுங்கோடையைக் கழிக்கும் நம்மவர் ஒன்று கருதவேண்டும். வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ உடல் நீரிழந்தால் குருதியில் லித்தியம் மிகும். சில வலிநீக்கி மாத்திரைகளும் அவ்வாறே செய்யும். வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் கண்டால் உடனே மருத்துவரை நாடுக. குணம் கண்டோமென்று மருந்தைத் திடீரென நிறுத்துவதும் தீங்கே.

அளவறியாத நாளில் உயிர் குடித்த உப்பு, அளவறிந்த நாளில் எண்ணற்ற இல்லங்களுக்கு அமைதி தந்தது. அவ்வளவைக் காப்பது மருத்துவர்க்கும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் பொதுக்கடமையாம்.