உலைக்கு முந்திய கணக்கு

குடிக்கூலிக்கு வீடு பிடிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், சாமான்களை இறக்குவதற்கு முன்பே சுவரிலுள்ள விரிசல்களைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். பின்னால், "இது நீங்கள் வந்த பிறகு விழுந்தது" என்று வீட்டுக்காரர் சொன்னால் சாட்சி வேண்டுமே! கல்பாக்கத்தில் அணு உலை குடிவந்த சரித்திரத்திலும் இப்படி ஒரு முன்யோசனை உண்டு.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடலோரத்தில், டச்சுக்காரர் கோட்டை சிதைந்து நிற்கும் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர் கல்பாக்கம். 1971-ல் அங்கே உலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1985-ல் அது இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை உயிர் பெற்றது 1983 ஜூலையில். ஆனால், சுற்றுப்புறக் கதிரியக்கத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் 1974-லேயே வேலையைத் தொடங்கிவிட்டது. அடுப்பு மூட்டுவதற்கு ஒன்பது வருஷம் முன்பே புகையை அளப்பானேன்?

காரணம், மண்ணிலேயே இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதில் தோரியம் உண்டு. மனிதன் கை வைக்காமலே அந்த மணல் கதிர் வீசிக்கொண்டிருந்தது. இயற்கை உலக மக்களுக்குத் தரும் கதிர்வீச்சு, சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். அதற்குமேல், உலைகளால் பொதுமக்களுக்குச் சேரலாம் என்று விதித்த வரம்பு 1 மில்லிசீவர்ட். பழைய கணக்கு இல்லாவிட்டால், இயற்கையின் பங்கு எது, உலையின் பங்கு எது என்று யாரால் பிரிக்க முடியும்?

ஆகவே காற்றையும் கிணற்று நீரையும் மீனையும் அரிசியையும் பாலையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். பாலுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியது. அதிலிருந்து பறந்த அயோடின் புல்லில் படிந்தது; புல்லை மேய்ந்த பசுக்களின் பாலில் இறங்கியது. சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பிலிருந்த பண்ணைகளின் பாலை விற்கவிடாமல் கொட்டச் செய்தார்கள். அளந்து பார்த்ததால்தான் அந்தப் பால் குழந்தைகளின் வாய்க்குப் போகாமல் தப்பியது.

கல்பாக்கத்திலும் கணக்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உலையை நடத்துவதும், அளக்கும் ஆய்வுக்கூடத்தை நடத்துவதும் ஒரே அணுசக்தித் துறையின் குடும்பம்தான். விரிசல் பட்டியலைக் குடிவந்தவரே எழுதி வைத்திருக்கிறார். பட்டியல் பொய் என்று சொல்ல வரவில்லை. திருவிழா முடிந்ததும் வரவு செலவை ஊரார் முன்னால் படிப்பது நம் கிராமங்களில் வழக்கம். தர்மகர்த்தா யோக்கியரானாலும் படித்தாக வேண்டும். கடலை நம்பிப் பிழைக்கும் குப்பத்து ஜனங்களுக்கு, அவர்கள் பிடிக்கும் மீனைப் பற்றிய கணக்கை அவர்கள் பாஷையில் படித்துக் காட்டினால்தான் அந்த ஒன்பது வருஷ முன்யோசனைக்கு அர்த்தம் உண்டு.