இரண்டு நாடுகள், இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள்

பூமியைச் சூடாக்கும் வாயு என்றதும் தொழிற்சாலையும் லாரியும்தான் நினைவுக்கு வரும். ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்! ஆனால் நம் சாப்பாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 2021-ல் 'நேச்சர் ஃபுட்' இதழில் வந்த ஆய்வின்படி, 2015-ல் மனிதர்களால் வெளியான பசுமைக்குடில் வாயுக்களில் 34 சதவீதம் உணவால் வந்தது. உழவு முதல் குப்பைமேடு வரை எல்லாம் சேர்த்த கணக்கு இது.

அதில் அமெரிக்காவின் பங்கு சுமார் 150 கோடி டன், இந்தியாவுடையது சுமார் 110 கோடி டன். கிட்டத்தட்ட சமம் போலத் தெரிகிறதா? தலைக்கு வகுத்துப் பாருங்கள். அமெரிக்கருக்கு நாலரை டன்னுக்கு மேல், நமக்கு ஒரு டன்னுக்கும் குறைவு. ஏன் இந்த வித்தியாசம்? பதில் வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்காவின் கதை ஐஸில் தொடங்குகிறது. 1870களின் கடைசியில் குஸ்டாவஸ் ஸ்விஃப்ட் என்ற இறைச்சி வியாபாரி, ஐஸ் நிரப்பிய ரயில் பெட்டிகளில் சிகாகோவிலிருந்து கிழக்கு நகரங்களுக்கு மாட்டிறைச்சி அனுப்பினார். பிறகு ஃபிரடெரிக் ஜோன்ஸ் லாரிக்கான குளிர்சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. பண்ணையிலிருந்து வீட்டு ஃப்ரிட்ஜ் வரை எல்லாம் குளிர்! மின்சாரம், டீசல், கசியும் குளிரூட்டி வாயு என எல்லாமே கணக்கில் ஏறின.

நம் கதை பசியில் தொடங்குகிறது. 1965-66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்தோம். 1965-ல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். பிறகு ஐ.ஆர்.8 நெல்லும் யூரியாவும் வந்தன. பசி தணிந்தது, அது பெரிய சாதனை. ஆனால் தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில் மீத்தேன் உண்டாகும், யூரியா போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். மாடுகளின் ஏப்பத்திலும் மீத்தேன்தான்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். அஞ்செட்டியைத் தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம் மானாவாரியில் கேழ்வரகு விளைகிறது. தண்ணீர் தேங்காததால் அந்த நிலத்தில் நெல்வயல் அளவுக்கு மீத்தேன் வராது. கேழ்வரகு வருடக்கணக்கில் கெடாது, குளிர்ப் பெட்டியும் வேண்டாம். ஆனால் ரேஷன் அரிசி வந்தபின் களி கிண்டும் வீடுகள் குறைந்துவிட்டன. 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். 2004 வரை தர்மபுரியோடு இருந்த நம் கிருஷ்ணகிரி அந்த முதல் பட்டியலில் இல்லை!

அதற்காகக் குளிர்க் கிடங்கே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விலை விழுந்தால் தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதைப் பார்த்திருக்கிறோம். அழுகுவது விவசாயியின் உழைப்பு. குப்பைமேட்டுக்குப் போனால் அதுவும் மீத்தேன். கிடங்கு வேண்டும், ஆனால் பழைய வாயு வேண்டாம். 2016 கிகாலி ஒப்பந்தப்படி, பூமியைச் சூடாக்கும் குளிரூட்டி வாயுக்களை இந்தியா 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அமெரிக்கா கட்டி முடித்ததை மாற்றப் போராடுகிறது. நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். தக்காளிக்கு நல்ல குளிர்க் கிடங்கு, கேழ்வரகுக்கு நல்ல விலை. இரண்டும் கிடைத்தால் விவசாயியும் பிழைப்பார், வானமும் பிழைக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?