சில்லு மாற்றியதும் எரியும் மஞ்சள் விளக்கு



குளிர்காலம் தொடங்கிவிட்டால் எமது நிலையத்துக்கு வரும் தொலைபேசிக் கேள்விகளும் மாறிவிடும். போன நிகழ்ச்சியில் ஒரு தம்பி அழைத்தார். "அண்ணை, சில்லு மாத்தின நாளிலையிருந்து காரிலை ஒரு மஞ்சள் லைற் எரியுது. குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவிலை ஆச்சரியக்குறி. அதுக்கு மேலை கறுப்பு ரேப் ஒட்டிவிட்டாச் சரி எண்டு கராஜிலை சொல்லினம். ஒட்டலாமோ?" நத்தார் விடுமுறைக்கு மனைவி பிள்ளைகளோடு யேர்மனியில் உள்ள அக்கா வீட்டுக்குப் போவதற்காகத்தான் குளிர்கால ரயர் பூட்டிய வேறு நான்கு சில்லுகளை வாங்கிப் போட்டிருக்கிறார். "ஒட்ட வேண்டாம்" என்று சொல்வதற்கு மட்டுமே ஒலிபரப்பில் நேரம் இருந்தது. அந்த விளக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால் ஏன் ஒட்டக்கூடாது என்பதும் தெரியும். ஆகவே இந்த மாதம் அதன் வரலாறு.

காற்று அடைத்த சில்லு முதலில் ஓடியது எங்கள் இலண்டனில்தான். றொபேட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1845 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே ரப்பர் பூசிய கன்வஸ் குழாய், வெளியே தோல் உறை. 1847 இல் றீஜென்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டிக் காட்டினார். சத்தமின்றி ஓடிய வண்டியைக் கண்டு சனம் அதிசயித்தது. ஒரு தொகுதிச் சில்லுகள் 1,200 மைல் ஓடியதாகவும் பதிவு உண்டு. ஆனால் அன்று ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. யாருக்குத் தேவை? தொம்சனின் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. 1888 இல் பெல்பாஸ்டில் டன்லொப் அதையே புதிதாகக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். பழைய காப்புரிமை வெளியே வந்ததும் டன்லொப்பினது செல்லாமல் போனது. ஆனாலும் பெயர் டன்லொப்புக்குத்தான் நிலைத்தது.

அந்த ரப்பருக்கும் எமக்கும் உறவு இருக்கிறது. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 3,000 கூட இல்லை. அவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பகாவுக்கு அருகே கெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அங்கு விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் எமது மலையக உறவுகள் எத்தனை ஆயிரம்! மலாயாவில் ரப்பர் செழித்த காலத்தில் கிளாக்கராகவும் றெயில்வே உத்தியோகத்தராகவும் போன யாழ்ப்பாணத்தாரின் 'மலாயாப் பென்சன்' ஊரில் எத்தனை கல்வீடுகளைக் கட்டியது என்பதை வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ரயர் இலண்டனின் கட்டடங்களிலும் தடம் பதித்திருக்கிறது. புல்ஹாம் வீதியில் 1911 இல் திறக்கப்பட்ட மிச்சலின் மாளிகையின் கண்ணாடிச் சித்திரங்களில் அந்த ரயர் மனிதனை இன்றும் காணலாம். பிறென்ற்போட்டில், கிறேற் வெஸ்ற் வீதியில், 1928 இல் பயர்ஸ்ரோன் ரயர் தொழிற்சாலை எழுந்தது. பெரிவேலில் உள்ள ஹூவர் கட்டடத்தை வரைந்த அதே நிறுவனத்தார் வரைந்த அழகான கட்டடம். 1979 இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 1980 ஓகஸ்ட் வங்கி விடுமுறையில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன்பாக, முகப்பை இடித்துத் தள்ளிவிட்டார்கள். வாசற்கதவுகளும் வேலியும் மிஞ்சின. பயர்ஸ்ரோன் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் வரும்.

இவ்வளவு நடந்தும், ஓடிக்கொண்டிருக்கும் சில்லில் காற்று எவ்வளவு என்பதை அறிய நூறு ஆண்டுகளாக ஓட்டுநருக்கு வழி இருக்கவில்லை. ஊரில் சைக்கிள் கடைக்காரர் பெருவிரலால் அமத்திப் பார்த்து "இன்னும் ரண்டு அடி அடி" என்பார். சைக்கிளுக்கு அது போதும். மோட்டோர்வேயில் 70 மைல் வேகத்தில் ஓடும் காருக்குப் போதாது. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். அதனால் சூடேறும். சூடேறினால் உள்ளே ஒட்டியுள்ள பட்டைகள் பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் ரயர் நன்றாகவே இருக்கும்.

காற்றழுத்தத்தைத் தானே கண்காணிக்கும் முதல் பயணிகள் கார் 1986 இல் வந்த போர்ஷே 959. அது பணக்காரரின் விளையாட்டுப் பொருள். சாதாரண குடும்பக் காருக்கு வந்தது 2000 அளவில், பிரெஞ்சுக்காரரின் றெனோ லகுனாவில். ஆனால் உலகம் முழுவதும் அதைச் சட்டமாக்கியது கண்டுபிடிப்பு அல்ல, சாவுகள்.

அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்புளோறர் வண்டிகளில் பூட்டியிருந்த பயர்ஸ்ரோன் ரயர்கள் ஓடும்போதே மேல்தோல் உரிந்து, வண்டிகள் புரண்டன. 2000 ஓகஸ்டில் ஏறக்குறைய 65 இலட்சம் ரயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க அரசின் கணக்கில் இறந்தோர் 271 பேர். ஃபோர்ட் பரிந்துரைத்த காற்று 26 இறாத்தல், பயர்ஸ்ரோன் பின்னர் கேட்டது 30 இறாத்தல். ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டி, 2001 மே மாதத்தில் கிட்டத்தட்ட நூறு ஆண்டு வணிக உறவையே முறித்துக்கொண்டார்கள். கணக்காளன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அந்த ரயர்களில் ஒரு பகுதி, 1990களின் நடுவில் நீண்ட தொழிற்பிணக்கு நடந்த டிகேற்றர் தொழிற்சாலையில் செய்தவை. அந்தப் பிணக்குக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டு என்று குரூகர், மாஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2004 இல் எழுதினார்கள். தொழிலாளியின் கூலியில் மிச்சம் பிடித்த காசு எந்தப் பக்கத்தில் செலவாக வந்து விழுந்தது என்பது பேரேட்டில் தெரியாது.

2000 நவம்பர் 1 அன்று கிளின்ரன் கையெழுத்திட்ட சட்டம், காற்றுக் குறைந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவியைக் கேட்டது. அமெரிக்காவில் 2007 செப்டெம்பரில் இருந்து எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பரில் இருந்து புதிய ரகக் கார்களுக்கும், 2014 நவம்பரில் இருந்து புதிதாகப் பதியப்படும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. பிரித்தானியா அப்போது ஒன்றியத்தில் இருந்தபடியால் எங்கள் கார்களுக்கும் அதே விதி.

கருவி இரண்டு வகை. முதலாவது, ஒவ்வொரு சில்லிலும் வால்வோடு பொருத்திய ஒரு சென்சர். அதற்குள் சின்னப் பற்றறி, தனக்கென ஓர் இலக்கம், 433 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஒலிபரப்பும் ஒரு குட்டி டிரான்ஸ்மிற்றர். அதாவது உங்கள் காரில் நான்கு சமூக வானொலிகள் ஓடுகின்றன. எங்களைப் போலவே அவற்றுக்கும் நேயர் குறைவு, ஒரேயொரு கணினிதான்! இரண்டாவது வகையில் சென்சரே இல்லை. காற்றுக் குறைந்த சில்லின் சுற்றளவு சற்றே சுருங்கும். ஆகவே மற்றவற்றை விட விரைவாகச் சுற்றும். பிறேக்குக்காக ஏற்கெனவே உள்ள வேகமானிகளை வைத்துக் கார் அதைக் கணிக்கிறது. மலிவான வழிதான். ஆனால் ஆரம்பகாலக் கருவிகள் ஒரு சில்லை மற்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தன. நான்கிலும் ஒரே அளவு குறைந்தால் அவற்றுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கருவிகளை அனுமதித்த விதியை 2003 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தள்ளுபடி செய்தது.

இனி அந்தத் தம்பியின் காருக்கு வருவோம். விளக்கு எப்படி எரிகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். காரை இயக்கியதும் மின்னாமல் நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. குளிருக்கு ஐந்தாறு பாகை இறங்கினாலே ஒரு இறாத்தல் குறையும். நவம்பர் காலையில் பல கார்களில் விளக்கு எரிவதற்கு அதுவே காரணம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்கு, ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். மாறாக, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம் மின்னிவிட்டுப் பிறகு நிலையாக நின்றால், பெரும்பாலான கார்களில் அதன் பொருள் வேறு: 'என் சில்லுகளின் குரல் கேட்கவில்லை' என்று கார் சொல்கிறது. புதிதாகப் போட்ட சில்லுகளில் சென்சர் இல்லை, அல்லது இருக்கும் சென்சர்களின் இலக்கம் காருக்குத் தெரியாது. சில கார்கள் கொஞ்சத் தூரம் ஓடத் தாமாகவே அறிந்துகொள்ளும். சிலவற்றுக்கு ரயர் கடையில் கருவி வைத்துப் பதிய வேண்டும். சென்சர் இல்லாத இரண்டாம் வகைக் காரென்றால், சில்லு மாற்றிக் காற்றைச் சரியாக அடித்த பின், பொத்தானையோ திரையையோ அழுத்தி மீளமைத்தால் போதும், காசு செலவில்லை. காற்றைச் சரிபார்க்காமல் அழுத்தினால் குறைந்த அளவையே சரியென்று கார் பழகிவிடும்.

சென்சரின் பற்றறி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் நிற்கும். பெரும்பாலும் அதை மட்டும் மாற்ற முடியாது, முழுச் சென்சரையும்தான் மாற்ற வேண்டும். ஆகவே பழைய சில்லுகளை மலிவாக வாங்குபவர்கள், உள்ளே சென்சர் இருக்கிறதா, எத்தனை வயது, உங்கள் காருக்குப் பொருந்துமா என்று காசு கொடுக்கும் முன்பு கேளுங்கள். 2012 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பாவனைக்கு வந்த கார் என்றால், கருவி பழுது என்று விளக்கு காட்டினால் எம்.ஓ.ரி. பரிசோதனையில் தேறாது. வெறுமனே காற்றுக் குறைவு என்று காட்டினால் அதற்காகத் தவற விடமாட்டார்கள்.

யேர்மனி போகிறவர்களுக்கு மேலும் ஒன்று. பனி, உறைபனி உள்ள வீதியில் அங்கு குளிர்கால ரயர் 2010 இல் இருந்து கட்டாயம். 2024 ஒக்டோபரில் இருந்து மலையும் பனித்துளியும் பொறித்த ரயர் மட்டுமே செல்லும். வெறும் 'எம் அன்ட் எஸ்' எழுத்து போதாது. இங்கே நாம் வாங்கும் ரயரின் பக்கச்சுவரைப் பார்த்து அந்தச் சின்னத்தை உறுதிசெய்யுங்கள். குடும்பமும் பெட்டிகளும் ஏறினால் காற்றும் கூட வேண்டும். கதவுத் தூணில் பாரம் ஏற்றிய வண்டிக்கென வேறு அளவு எழுதியிருக்கும். அந்தத் தம்பி நான்கு சென்சருக்கும் விலை கேட்டுவிட்டு மறுபடி அழைத்தார். இரண்டு கடைகளின் விலையையும் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.